நகம் இல்லாத பெருவிரல்

அந்த அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தது அவருடைய காலைத்தான்.

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் அந்த வாடகை வீட்டுக்கு நாங்கள் குடிவந்த நாள். கைக்குழந்தையை என் அம்மா கீழே ஆட்டோவில் வைத்துக்கொண்டிருந்தார். பாத்திரங்கள் போட்ட அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நான் மாடிப்படி ஏறினேன். பெட்டி முகத்தை மறைத்ததால் கீழே இருந்த படிகள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. பாதி வழியில் இரண்டு பாதங்கள் எதிரே வந்து நின்றன. விரல்களில் அடர் சிவப்பு நகப்பூச்சு. வலது காலின் பெருவிரலில் மட்டும் நகமே இல்லை. நகம் இருக்கவேண்டிய இடத்தில் வழவழவென்று தோல் இருந்தது. அதில் நீல மையால் இரண்டு கண், ஒரு மூக்கு, சிரிக்கிற வாய். நான் பெட்டியோடு ஒரு படி பின்னால் இறங்கிவிட்டேன்.

“பயந்துக்காத கண்ணு. எம் பொண்ணு லீவுக்கு வந்திருக்கா. அவ வரஞ்ச பொம்மை அது” என்று மேலிருந்து குரல் வந்தது. பிறகு என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் ஏறினார். அப்போதும் எனக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. மாடியில் நாங்கள் இரண்டு குடும்பம், கீழே மூன்று. எல்லோருக்கும் சேர்த்து ஒரு இரும்புக் கேட், ஒரு தண்ணீர் மோட்டார். வாசலில் நின்றால் நெடுஞ்சாலையில் கர்நாடகா பக்கம் போகிற லாரிகளின் வரிசை தெரியும். அக்கா ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் மெஷினில் வேலை பார்த்தார். அவர் கணவர் பசுமைக்குடிலில் ரோஜா வெட்டப் போவார். அதிகம் பேசாத மனிதர். பெண் மத்தூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு, எங்களோடு தமிழ். கோபம் வந்தால் கன்னடம். கன்னடத்தில் திட்டினால்தான் திட்டின மாதிரி இருக்கிறது என்பார்.

நகம் போன கதையை அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். தள்ளுவண்டியிலிருந்து ஒரு தகட்டுக்கட்டு சரிந்து காலில் விழுந்திருக்கிறது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நகம் மட்டும் நசுங்கிக் கறுத்துவிட்டது. எடுத்தால்தான் ஆறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். இவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

“எந் நகம்தானே சார். போறப்ப நான் பாக்க வேணாமா?”

இதை அவர் வீரமாகச் சொல்லமாட்டார். ஊருக்குப் போகிறவரை பஸ் நிறுத்தம் வரை போய் வழியனுப்புவது எவ்வளவு சாதாரணமோ அந்தத் தொனியில் சொல்வார். கேட்கும்போதே எனக்கு என் கால் விரல்கள் உள்ளே சுருங்கும். நான் எம்.எஸ்ஸி. படித்தவள். ஆனால் தடுப்பூசி போடும்போது குழந்தையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் உள்ள காலண்டரைப் பார்க்கிறவள்.

அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். எதிலிருந்தும் அவர் கண்ணை எடுக்கமாட்டார். வீட்டு உரிமையாளர் மோட்டார் போடாமல் இழுத்தடிக்கும் நாட்களில் மற்றவர்கள் எல்லாம் கத்துவோம். அக்கா உரிமையாளர் வீட்டு வாசலில் போய் நிற்பார். ஒன்றும் பேசமாட்டார். அந்த மனிதர் செய்தித்தாளை ஒரு பக்கம் திருப்புவார், இன்னொரு பக்கம் திருப்புவார், கண்ணாடியைத் துடைப்பார். அக்கா பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசியில் அவரே எழுந்து போய் சுவிட்சைப் போடுவார். தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டதும் அக்கா, “சாப்டீங்களாண்ணா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்.

சிரிக்கிற விஷயம் இது. சிரிக்க முடியாதது ஒன்றும் உண்டு. ஒரு மாலை, மருந்துக் கடைக்குப் போன இடத்தில் பார்த்தேன். நெடுஞ்சாலையில் ஒரு பையை முதுகில் மாட்டிய இளைஞன் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டுக் கிடந்தான். கூட்டம் கூடிவிட்டது. சிலர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள், சிலர் படம் எடுத்தார்கள். நான் கடை ஓரமாக நின்று ஒரு கையால் என் மகளின் கண்ணை மூடினேன். என் கண்ணையும் மூடிக்கொண்டேன். பிறகு பழக்கமான குரல் கேட்டுத் திறந்தேன். வேலை முடிந்து சீருடையோடு வந்த அக்கா அவன் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவனை அசைக்கவில்லை. அவன் முகத்தை மட்டும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். தமிழில் பேர் கேட்டார். அவனிடம் அசைவில்லை. தெலுங்கில் கேட்டார், கன்னடத்தில் கேட்டார். அவன் வாயிலிருந்து ஏதோ வந்தது. அது இந்த மூன்றிலும் சேராத, வடக்கே எங்கோ உள்ள மொழி. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. மூன்றையும் கலந்து, வீட்டில் என்ன குழம்பு, மழை வருமா வராதா என்றெல்லாம் பேசிக்கொண்டே இருந்தார். அவனும் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தான். ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றும்வரை அந்தப் பார்வை அறுபடவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது, எப்படிக்கா முடிந்தது என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “அவன் என்னைப் பாத்தான். நான் எப்படி வேற பக்கம் பாக்கறது?” என்றார்.

அன்று இரவு நான் என் கணவரிடம் சொல்லிப் புலம்பினேன். அப்படி ஒரு தைரியம் பிறப்பில் வருவதா, பழகி வருவதா? எனக்கு ஏன் இல்லை? குழந்தைக்கு ஏதாவது ஆனால் நான் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேனா? எதற்கு இப்போதே அதை நினைக்கிறாய் என்றார் அவர். எனக்கு நினைக்காமல் இருக்கத் தெரியாது. மகளுக்குக் கால் நகம் வெட்டுவதே எனக்கு ஒரு பரீட்சை. அவள் தூங்கின பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருவேன். பெருவிரல் நகத்தை நேராக வெட்ட வேண்டும், வளைத்து வெட்டினால் சதைக்குள் வளரும் என்று போனில் படித்திருந்தேன். நேராக வெட்டினால் முனை கீறுமே என்று தோன்றும். வளைத்து வெட்டுவேன். அப்புறம் உள்ளே வளருமே என்று கவலைப்படுவேன்.

அக்காவுக்குப் புது நகம் வளர்ந்ததை நான் கிட்டத்தட்டக் கூடவே இருந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் படியில் வெயில் விழும் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். குழந்தையோடு நானும் பக்கத்தில் உட்காருவேன். முதலில் விரலின் அடிமடிப்பில் வெங்காயத்தின் உள்தோல் போல ஒரு விளிம்பு தெரிந்தது. அது வாரக்கணக்கில் நகரவே இல்லை என்று எனக்குப் படும். அவரோ நகர்ந்திருக்கிறது என்பார். கொஞ்சம் வளர்ந்து அதுவும் ஒருநாள் காலுறையோடு கழன்று வந்துவிட்டது. எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாரு, இதுலயும் கோடு கோடா இருக்கு. அவசரத்துல செஞ்ச மாதிரி. அடுத்தது நிதானமா வரும்” என்றார். அடுத்தது வந்தது. அலை அலையாக, கொஞ்சம் தடித்து, மஞ்சளாக. ஆனால் நின்றது.

அந்த வெயிலில்தான் அதன் பெயர்களும் எனக்குக் கிடைத்தன. தெலுங்கில் கோரு, கன்னடத்தில் உகுரு. பள்ளிக்கூடச் செய்யுளில் புலியின் நகத்தை உகிர் என்று படித்தது ஞாபகம் வந்து சொன்னேன். அவர் காலைத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “அப்ப நான் புலி நகம் வளக்கறேன்னு சொல்லு” என்றார். அவர் கணவர் உள்ளே இருந்து ஏதோ முனகினார். அக்கா சத்தமாக என்னிடம் சொன்னார்: “கல்யாணத்துல அம்மி மிதிக்கறப்ப இந்த வெரலத்தான் பிடிச்சு வச்சாரு. அப்ப அழகா நகம் இருந்துச்சு, மனுசன் குனிஞ்சு பாக்கவே இல்ல. போனதுக்கப்புறம் தெனமும் பாக்கறாரு.” முனகல் நின்றுவிட்டது.

இப்போது நாங்கள் மத்திகிரியில் இருக்கிறோம். அவர்கள் மத்தூர் பக்கமே போய்விட்டார்கள் என்று கேள்வி. அவருடைய பழைய எண்ணில் யாரும் எடுப்பதில்லை. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு அந்த அக்காவின் முகம் நினைவில்லை. எனக்கு இன்றும் எதையாவது பார்க்கப் பயமாக இருந்தால் அவர்தான் நினைவுக்கு வருவார். அவர்மேல் இருந்த பிரமிப்பு எங்கள் கேட் வாசலில் தொடங்கிய அந்த ஒரு நாளுக்குப் பிறகு குறைந்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்லலாம். எனக்குக் கூடியது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தண்ணீர் கேன் வண்டி வந்து ஹாரன் அடித்தது. நான் கேட்டைத் திறந்தேன். மகள் எனக்குப் பின்னால் நிற்கிறாள் என்று நினைத்தேன். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. அவள் கேட்டின் உள்பக்கம் வந்து நின்றிருக்கிறாள், வெறுங்காலோடு. இரும்பின் அடிவிளிம்பு அவள் பாதத்தின் மேல் ஏறி இழுத்துக்கொண்டு போனது. குனிந்தபோது ரத்தம்தான் தெரிந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

அக்காவுக்கு அன்று வார விடுமுறை. பாதி பின்னிய சடையோடு இறங்கி வந்து, குழந்தையின் காலைக் கையில் ஏந்திப் பார்த்தார். “வெரல் இருக்கு. நகம் பேந்திருக்கு. வா போலாம்” என்று தன் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டினார். என் கணவர் ஷிப்டில் இருந்தார். அவருடைய கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எங்களுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் இருந்தது. ஆட்டோவில் போனோம்.

அங்கே பலருக்குத் தமிழ் தெரியும். அன்று பணியில் இருந்த நர்ஸுக்குத் தெரியவில்லை. அக்கா சீட்டு எழுதும் இடத்தில் வரிசையில் நின்றார். நான் குழந்தையோடு உள்ளே பெஞ்சில் இருந்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். இளவயது டாக்டர் படத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், நர்ஸிடம் ஏதோ சொன்னார். நர்ஸ் என்னிடம் வந்து நிதானமாக, “காலு ஹெப்பெட்டு உகுரு தெகீபேக்கு” என்றார்.

நான் விழிப்பதைப் பார்த்து மறுபடி சொன்னார். “ஹெப்பெட்டு. ஹெப்பெட்டு.”

என் காதில் விழுந்தது இதுதான்: கால். எப்ப வெட்டு. எப்ப வெட்டு. பேக்கு என்றால் வேண்டும் என்று எனக்குத் தெரியும். படியில் உட்கார்ந்து கற்ற உகுரு என்ற சொல்லும் தெரியும். அது நடுவில் இருந்ததா என்றுகூட அப்போது தெரியவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். வாட்ச்மேன் ஏதோ கேட்டார், நான் நிற்கவில்லை. சர்வீஸ் ரோட்டில் நின்று ஓசூர் பக்கம் போகிற எந்த வண்டி வந்தாலும் கையைக் காட்டினேன். துப்பட்டாவைத் தாண்டி ரத்தம் என் கையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் வேகம் குறைத்தது. அதற்குள் அக்கா ஓடி வந்துவிட்டார்.

“எங்க கண்ணு போற?”

“ஓசூர்லயே காட்டிக்கறேன்கா. இங்க காலை வெட்டணுமாம்.”

“யாரு சொன்னது?”

“அந்த நர்ஸ். எப்ப வெட்டு, எப்ப வெட்டுன்னு என்கிட்டயே கேக்கறாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். அவர் உதடு அசைந்து அந்த வார்த்தைகளைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. பிறகு அவர் முகம் மாறியது. சிரிப்பை அடக்க முயன்று, முடியாமல், சாலை ஓரத்துக் கல்லில் கையை ஊன்றிக்கொண்டார்.

“ஹெப்பெட்டு, கண்ணு. அவ சொன்னது ஹெப்பெட்டு. கட்ட வெரலுக்கு அவங்க பேரு அது.” லாரிகள் போகிற சாலையோரம் ஒற்றைக்காலில் நின்று தன் வலது பாதத்தை எனக்கு எதிரே தூக்கிக் காட்டினார். “இதா, இதான் ஹெப்பெட்டு. இதோட நகத்த எடுக்கணும்னு சொல்லியிருக்கா. எனக்கு எடுத்தாங்களே, அதான். கால யாரும் ஒண்ணும் பண்ணல.”

பஸ் கண்டக்டர் ஏறுவதென்றால் ஏறுங்கள் என்றார். அக்கா அவரைக் கன்னடத்தில் போகச் சொன்னார். நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. எங்களைப் பார்த்துவிட்டு மகள் அழுகையை ஒரு கணம் நிறுத்தினாள்.

சிகிச்சை அறையில் டாக்டர், குழந்தையை ஒருவர் மடியில் வைத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், என்னால் பார்க்க முடியாது என்று சொன்னேன். அதைவிடத் தெளிவாக வேறு எதையும் நான் அவரிடம் கேட்டதில்லை.

“அவ உன்னத்தான் தேடுவா” என்றார். “நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அவ எங்க பாப்பா?”

என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார். குழந்தையை மடியில் வைத்து, அவள் கைகளைத் துண்டால் சுற்றி என் கைக்குள் கொடுத்தார். என் தோளை ஒருமுறை அழுத்தினார். அவர் எனக்குப் பின்னால் நிற்கிறார் என்ற நம்பிக்கையில்தான் நான் குனிந்தேன்.

விரலின் அடியில் ஊசி போனது. மகளின் முதுகு என் வயிற்றுக்கு எதிரே வில்லாக வளைந்தது. அவள் தலையைப் பின்னால் சாய்த்து என் முகத்தைத்தான் தேடினாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு டாக்டரின் கையைப் பார்த்தேன், பிறகு விரலைப் பார்த்தேன், மறுபடி அவளைப் பார்த்தேன். அவளுடைய கத்தல் மெல்ல மெல்லக் கேவலாகத் தணிந்தது. விரல் மரத்துப்போயிருக்க வேண்டும். டாக்டர் ஒரு மெல்லிய கருவியை நகத்தின் கீழே நுழைத்தார். சத்தமே இல்லாமல் அது கழன்று வந்தது. உளுத்தம்பருப்பு அளவுதான் இருக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டி வந்த நகம்.

அதன் கீழே இருந்ததை நான் இதுவரை எங்கும் பார்த்ததில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் தெரிந்தது. ஈரமாக, பளபளப்பாக, மாதுளை முத்தின் நிறத்தில், மெல்லிய கோடுகளோடு ஒரு இடம். அவளை நான் பெற்றேன். தினமும் குளிப்பாட்டுகிறேன். அவள் உடம்பில் எனக்குத் தெரியாத இடம் இல்லை என்று நினைத்திருந்தேன். இவ்வளவு உயிரோடு ஒன்று இத்தனை நாளும் அந்தச் சின்ன மூடிக்குக் கீழே இருந்திருக்கிறது. எனக்குப் பயம் வரவில்லை. கோயிலில் திரை விலகும்போது கை தானாகக் குவியுமே, அப்படி இருந்தது. என் கைகள் குழந்தையைப் பிடித்திருந்தன.

டாக்டர் கருவியின் முனையால் அடிமடிப்பைச் சுட்டினார். “ரூட் சென்னாகிதே. மத்தே பருத்தே” என்றார். வேர் நன்றாக இருக்கிறது, மறுபடி வரும். யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. அக்காவிடம் சொல்லத் திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை.

கட்டுப் போட்டு முடித்து, தோளில் கேவிக்கொண்டிருந்த மகளோடு வெளியே வந்தேன். தாழ்வாரத்தின் கடைசியில் அக்கா நின்றிருந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி, நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து, இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு. தோளைத் தொட்டேன். கைகளை எடுத்தார், ஆனால் திரும்பவில்லை.

“ஆச்சா?”

“ஆச்சுக்கா.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“நான் கதவு வரைக்கும்தான் வந்தேன்” என்றார். “ஊசிய எடுத்தாரு. எங்காலு தானா வெளிய வந்திருச்சு, கண்ணு. என்னோடதா இருந்தா பாத்திருப்பேன்.”

பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் குழந்தையின் கட்டுப்போட்ட காலைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். அதைத் தொடாமல், அதன்மேல் நிழல் விழும்படி கையை மட்டும் வைத்திருந்தார்.

“எப்படி இருந்துச்சு, சொல்லு” என்றார்.

சொன்னேன். ஊசி, கருவி, சத்தமில்லாமல் கழன்ற நகம், அதன் கீழே இருந்த நிறம், கோடுகள், வேர். எதையும் குறைக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் கண்ணைத் திறக்காமலே, “இன்னொரு தரம் சொல்லு” என்றார்.

ஊசியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.